மதுரை வெயிலில் ஒரு பிட்டாக்ஸ்

பிட்டாக்ஸ் என்ற சின்ன பிட்காயின் மைனிங் பெட்டியை வாங்கிச் சொருகி, வைஃபை கொடுத்து, ஹாஷ்ரேட் என்ற அதன் வேகம் ஏறுவதைப் பார்த்து ரசித்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. பெட்டி மாதக்கணக்கில் ஓடும். கரண்ட் அவர்களுடையது, சூடு அவர்கள் வீட்டில். பரிசு விழுந்தால் மட்டும் வேறொருவருக்குப் போகும். ஃபர்ம்வேரோடு, அதாவது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளோடு வரும் செட்டிங்கில் ஏற்கெனவே ஒரு பிட்காயின் முகவரி எழுதியிருக்கும். அதை மாற்றாத வரை அந்தப் பெட்டி அந்த முகவரிக்காரருக்குத்தான் உழைக்கிறது.

வீட்டில் தனியாக மைனிங் செய்வது அதிர்ஷ்டத்தை நம்பி இறங்கும் வேலை. அதிர்ஷ்டத்தைக் கூட்டவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. அது வருகிற நொடியில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, சரியான முகவரியோடு ஓடுகிறதா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அந்த இரண்டைப் பற்றித்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் முதல் பாதியே பெரிய வேலை.

முதலில் கணக்கு. இதை முடித்துவிட்டு வாங்கினால் பின்னால் வருத்தம் இருக்காது.

பிட்காயினில் பரிவர்த்தனைகள் பிளாக் என்ற தொகுப்புகளாகச் சங்கிலியில் சேரும். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. 80 பைட் நீளமுள்ள பிளாக் தலைப்பை ஷா-256 கணக்கில் இரண்டு தடவை போட்டால் ஒரு பெரிய எண் வரும். அது வலைப்பின்னல் வைத்திருக்கும் இலக்கைவிடச் சிறியதாக இருந்தால் பிளாக் நம்முடையது. இல்லையென்றால் தலைப்பில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு மறுபடி போட வேண்டும். சிப் செய்வது இவ்வளவுதான். இப்படி ஒரு தடவை போடுவது ஒரு ஹாஷ். பிட்டாக்ஸின் வேகம் 1 டெராஹாஷ் அளவு, அதாவது நொடிக்கு லட்சம் கோடி தடவை செய்கிறது.

லட்சம் கோடி என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். உலகம் முழுக்க ஓடும் இயந்திரங்களின் மொத்த வேகம் 2025-ல் 1 ஜெட்டாஹாஷைத் தொட்டது. அது நம் 1 டெராஹாஷைப் போல 100 கோடி மடங்கு. ஆக ஒவ்வொரு குலுக்கலிலும் 100 கோடி சீட்டில் ஒன்று நம்முடையது. 10 நிமிடத்துக்கு ஒரு குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 52,560 குலுக்கல். வகுத்துப் பார்த்தால் சராசரியாக 19,000 ஆண்டுக்கு ஒரு பிளாக். கீழடியில் செங்கல் அடுக்கியவர்கள் 2,600 ஆண்டுக்கு முன்பே ஒன்றைச் சொருகிவிட்டுப் போயிருந்தாலும் இன்றைக்கு அந்தச் சராசரியில் ஏழில் ஒரு பங்குதான் ஓடியிருக்கும்.

இதையே இன்னொரு விதமாகச் சொன்னால், ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் ஒரு பிளாக் கிடைக்கும் வாய்ப்பு 19,000-ல் 1. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-ல் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் போய் ஓணம் பம்பர் வாங்கி வருகிறவர்களை நமக்குத் தெரியும். 500 ரூபாய்ச் சீட்டு, 25 கோடி முதல் பரிசு, விற்பது 70 லட்சம் சீட்டுக்கும் மேல். அதோடு ஒப்பிட்டால் பிட்டாக்ஸ் ஒன்றும் முட்டாள்தனமான சீட்டு அல்ல. ஆனால் சீட்டுதான். மாத வருமானம் என்று யாராவது சொல்லி விற்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ரூபாயில் பார்ப்போம். 2024 ஏப்ரலில் பாதியாகக் குறைந்த பிறகு ஒரு பிளாக்குக்குப் பரிசு 3.125 பிட்காயின், அதோடு அந்தப் பிளாக்கில் உள்ள பரிவர்த்தனைக் கட்டணம். கணக்குக்காக ஒரு பிட்காயின் 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3.125 கோடியை 19,000-ஆல் வகுக்க, ஆண்டுக்கு எதிர்பார்ப்பு மதிப்பு 1,640 ரூபாய் அளவில் வரும். கரண்ட் செலவு ஆண்டுக்கு 175 யூனிட். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடும், பெட்டி வாங்கிய பணம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அடுத்த பாதியாகும் முறை 10,50,000-ஆவது பிளாக்கில், 2028-ல் வரும். அப்போது இந்த 1,640 அதே விலையில் பாதியாகிவிடும்.

ஒரு தப்புக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். "மூணு வருஷமா ஓடுது, இனிமே விழுந்துதானே ஆகணும்" என்பது எடுபடாது. ஒவ்வொரு ஹாஷும் புதுச் சீட்டு. போன ஆண்டு ஓடியது இந்த ஆண்டுக்கு எதையும் சேர்த்து வைப்பதில்லை. அதனால்தான் மாதம் ஒருநாள் காலை 9 முதல் மாலை வரை பராமரிப்புக்காக இபி கரண்டை நிறுத்தும்போது பதற வேண்டியதில்லை. அந்த எட்டு மணி நேரச் சீட்டு மட்டும்தான் போனது, மாதத்தில் 1 சதவீதம்.

எதை வாங்குவது? மிகச் சின்னது நெர்ட்மைனர். இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டும் கையகலத் திரையும் சேர்ந்தது, 1 வாட் அளவுதான் எடுக்கும். வேகம் ஃபர்ம்வேரைப் பொறுத்து நொடிக்குச் சில பத்தாயிரம் ஹாஷிலிருந்து சில லட்சம் வரை. லட்சக்கணக்கான நெர்ட்மைனர் சேர்ந்தால்தான் ஒரு பிட்டாக்ஸ். மேசையில் வைத்துப் பார்க்கவும், பூல் எனப்படும், பெட்டிக்கு வேலை கொடுக்கும் சர்வர் எப்படிப் பேசுகிறது என்று படிக்கவும் நல்லது. பிளாக் எதிர்பார்த்து வாங்கக் கூடாது.

நடுவில் இருப்பது பிட்டாக்ஸ் காமா. பெரிய மைனிங் இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்21 ப்ரோவில் நூற்றுக்கும் மேல் இருக்கும் பிஎம்1370 சிப்பில் ஒன்றை மட்டும் எடுத்துச் சின்ன போர்டில் வைத்தது. முந்தைய பிட்டாக்ஸ் மாடல்களில், அல்ட்ராவில் பிஎம்1366, சூப்ராவில் பிஎம்1368. வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், தரமும் அதற்கேற்ப ஏறி இறங்கும். ஹீட்சிங்க் சிப்பின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா, வோல்டேஜ் ரெகுலேட்டருக்குப் பின்பக்கம் தனி ஹீட்சிங்க் இருக்கிறதா என்று படத்தில் பார்த்து வாங்குங்கள். அதற்கு மேலே நெர்ட்க்யூஆக்ஸ் பிளஸ் பிளஸ்: அதே சிப் நான்கு, 12 வோல்ட், 5 டெராஹாஷுக்கு நெருக்கம், 80 வாட் அளவு.

பழைய ஆன்ட்மைனர் எஸ்9 மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 13.5 டெராஹாஷுக்கு 1,300 வாட். இரண்டு மாத பில்லில் 1,872 யூனிட். சத்தம் மாவு மிஷின் பக்கத்தில் நிற்பது போல. வேண்டாம். செல்போனில் மைனிங் செய்வதாகச் சொல்லும் ஆப்களைப் பற்றி எழுதவே தேவையில்லை.

காமாவுக்கு இபி பில் எவ்வளவு? சிப்பும் போர்டும் 15 முதல் 18 வாட், அடாப்டரில் வீணாவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து 20 வாட் என்று வையுங்கள். 20 பெருக்கல் 24 பெருக்கல் 60, இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். வீட்டு இணைப்பில் முதலில் சில யூனிட் இலவசம் என்றாலும் அதைக் காட்டி மகிழ வேண்டாம். அந்த இலவச யூனிட் ஏற்கெனவே ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போய்விட்டது. பிட்டாக்ஸின் 29 யூனிட் எப்போதும் பில்லின் உச்சிப் படியில்தான் ஏறும். கோடையில் ஏசி ஓடி 480 யூனிட்டில் நிற்கும் வீடாக இருந்தால் இந்த 29 உங்களை 500-க்கு மேலே தள்ளும், அங்கே விகித அட்டவணையே மாறும். மீட்டரை எழுதிப் போட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஏசி ஓடும் மாதங்களில் பெட்டியை நிறுத்திவைப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல.

அடாப்டரில்தான் முதல் பலி நடக்கும். காமா கேட்பது 5 வோல்ட். ஜாக் 5.5 க்கு 2.1 மில்லிமீட்டர், நடுமுள் பாசிட்டிவ். நம் வீட்டு ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி கேமரா எல்லாவற்றுக்கும் வரும் 12 வோல்ட் அடாப்டரிலும் பெரும்பாலும் இதே ஜாக்தான். அப்படியே பொருந்தும். 12 வோல்ட் ஏறிய காமா திரும்பி வராது. கரண்ட் போன இருட்டில் தடவித் தடவிச் சொருகும்போது இது நடக்கும். வாங்கிய அன்றே 5 வோல்ட் ஜாக்கில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். பெட்டியில் டைப்-சி துளையும் இருக்கும். அது ஃபர்ம்வேர் ஏற்ற மட்டும், அதில் செல்போன் சார்ஜரைப் போட்டால் திரை எரியும், சிப் ஓடாது.

ஆம்பியர் எவ்வளவு? 18 வாட்டை 5-ஆல் வகுத்தால் 3.6. ஆனால் 4 ஆம்பியர் அடாப்டர் 24 மணி நேரமும் அதன் எல்லையில் ஓடினால் நம் ஊர்க் கோடையில் பொங்கிவிடும். 5 வோல்ட் 6 ஆம்பியர் வாங்குங்கள். டவுன் ஹால் ரோட்டிலோ மீனாட்சி பஜாரிலோ, எங்கே வாங்கினாலும் லேபிளில் போட்டிருப்பதை அப்படியே நம்பாமல் லோடில் பாருங்கள். பெட்டியின் மென்பொருளான ஆக்ஸ்ஓஎஸ் பிரவுசரில் காட்டும் பக்கத்திலேயே உள்ளே வரும் வோல்டேஜ் தெரியும். முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடிய பிறகு 4.9-க்கு மேலே நின்றால் நல்ல அடாப்டர். 4.8-க்குக் கீழே இறங்கினால் அடாப்டர் பலவீனம், அல்லது வயர் மெலிது, அல்லது ஜாக் தளர்ச்சி. ஜாக்கைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் மூன்றாவதுதான். வோல்டேஜ் தொய்வின் அடையாளம் பெட்டி காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆவது. சிப் போய்விட்டது என்று பலர் பயப்படுவது பெரும்பாலும் இங்கேதான் முடியும்.

ரவுட்டருக்கென்று விற்கும் மினி யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் துளை இருக்கும், ஆனால் அது 2 ஆம்பியர் அளவில்தான் தரும். காமாவுக்குப் போதாது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போடுவதானால் 20 வாட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் சரி. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் அடாப்டர் முனகும், கூடுதலாகச் சுடும். அதில் விட்டு வைக்காதீர்கள். ரவுட்டரும் அதே இன்வெர்ட்டர் லைனில் இல்லையென்றால் பெட்டி மட்டும் ஓடிப் பயனில்லை. ஐப்பசி மழையில் இடி இறங்கும் நாள்களில் இரண்டையும் கழற்றிவிடுவதுதான் மலிவான சர்ஜ் பாதுகாப்பு.

இணைப்பு கொடுப்பது பத்து நிமிட வேலை. முதல் முறை ஆன் செய்ததும் பெட்டியே தன் பெயரில் ஒரு வைஃபையைப் பரப்பும். செல்போனை அதில் சேர்த்து, பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும். இந்த நேரத்தில் மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் போன் "இந்த வைஃபையில் நெட் இல்லை" என்று சொல்லி ஓடிவிடும். வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பெட்டியின் சின்னத் திரையில் அதன் ஐபி எண் வரும். இனி அந்த எண்ணைத்தான் பிரவுசரில் அடிக்க வேண்டும்.

இங்கே சிக்கும் இடம் ஒன்றுதான்: பெட்டிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரியும். இப்போதைய ஃபைபர் ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கலந்து வைத்திருக்கும். சேரவில்லையென்றால் இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரியுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். அடுத்து ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் எண்ணைத் தேட வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஆக்ஸ்ஓஎஸ் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு கிடையாது. உங்கள் வைஃபையில் இருக்கும் யாரும் அதைத் திறந்து முகவரியை மாற்றலாம். மாடியில் குடியிருப்பவருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வைஃபை கொடுத்திருந்தால் அவர்களை ரவுட்டரின் கெஸ்ட் வைஃபைக்கு மாற்றுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் திறந்துவிடவே கூடாது. பூலின் இணையப் பக்கத்தில் உங்கள் முகவரியை அடித்தாலே பெட்டி ஓடுகிறதா என்று எங்கிருந்தும் தெரியும்.

இப்போது முகவரி. பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கணக்கின் டெபாசிட் முகவரியைக் கொடுக்காதீர்கள். அந்த முகவரியின் சாவி உங்களிடம் இல்லை, சில இடங்களில் முகவரியையே அவ்வப்போது மாற்றுவார்கள், நேரடியாக மைனிங்கிலிருந்து பிறக்கும் நாணயத்தை ஏற்காத இடங்களும் உண்டு. சாவியை உங்களிடமே வைத்திருக்கும் ஆப்பான சொந்த வாலட் ஒன்றை உருவாக்கி, அது தரும் 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் பேனாவால் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஒரு முக்கியமான சோதனை: வாலட்டை அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களைக் கொண்டு மீட்டெடுத்து, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள். காசு ஏதும் இல்லாத இப்போதே செய்யுங்கள். ஒரு சொல்லைத் தப்பாக எழுதியிருந்தால் இன்று தெரிவது நல்லது.

முகவரி பிசி1 என்று தொடங்கும் வகையாக இருக்கட்டும். ஒட்டிய பிறகு முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் வாலட் திரையோடு ஒப்பிடுங்கள். கிளிப்போர்டில் முகவரியை மாற்றிவிடும் வைரஸ் கம்ப்யூட்டரில் இருந்தால் இப்படித்தான் பிடிபடும். முகவரிக்குப் பின் ஒரு புள்ளி வைத்துப் பெட்டிக்குப் பெயர் வைக்கலாம், ஆங்கில எழுத்தில்.

ஆக்ஸ்ஓஎஸ்ஸில் பூல் விவரம் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே முதல் பூல், கீழே மாற்று பூல். முதல் பூல் கிடைக்காதபோது பெட்டி தானாகவே மாற்றுக்குத் தாவும். முதல் பூலில் தன் முகவரியைப் போட்டுவிட்டு, மாற்று பூலில் பழைய முகவரியை அப்படியே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இரண்டையும் மாற்றுங்கள்.

பூல் என்று சொன்னாலும் இது பங்கு பிரிக்கும் பூல் அல்ல. பிளாக்குக்கான மாதிரியைத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சர்வர், அவ்வளவுதான். கான் கொலிவாஸ் நடத்தும் சோலோ சிகே-பூல், பிளாக் கிடைத்தால் 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். போர்ட் 3333, பாஸ்வேர்டு இடத்தில் ஆங்கில எக்ஸ் ஒன்று போதும். பப்ளிக் பூல் கட்டணம் எடுப்பதில்லை. இரண்டிலும் பரிசு பூலின் கைக்குப் போய்த் திரும்புவதில்லை, பிளாக்கின் முதல் பரிவர்த்தனையிலேயே உங்கள் முகவரி எழுதப்பட்டிருக்கும். ஒன்றை முதலாகவும் மற்றதை மாற்றாகவும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

சர்வர் வெளிநாட்டில் இருக்கிறதே, பிங் 250 மில்லிசெகண்ட் காட்டுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். 600 நொடிக் குலுக்கலில் கால் நொடி என்பது 0.04 சதவீதம். டேட்டாவும் ஒரு நாளைக்குச் சில எம்பிதான். சொந்தமாகவே பிட்காயின் நோட், அதாவது பிளாக் சங்கிலியை இறக்கிச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர் வைத்து அதிலேயே மைனிங் செய்யலாம். அது அழகான ஏற்பாடு. ஆனால் முழுச் சங்கிலி 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. டிஸ்க்கில் இடம் இல்லையென்றால் பழைய பிளாக்குகளை அழித்துவிடும் கத்தரித்த நோட் போதும், மைனிங்குக்கு அதுவே செல்லும். இருந்தாலும் முதல் முறை முழுச் சங்கிலியையும் இறக்கித்தான் ஆக வேண்டும், உங்கள் ஃபைபர் பிளானின் மாத வரம்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி வெயில். மேல்மாடி வீடு, மேலே வெறும் கான்கிரீட் கூரை என்றால் மே மாதத்தில் இரவு 11 மணிக்கும் அறை 34, 35 டிகிரியில்தான் நிற்கும். சிப்பின் வெப்பம் அறை வெப்பத்தின் மேல் உட்காரும் எண். அறை 28-ல் இருக்கும்போது சிப் 56 காட்டினால், ஏற்றம் 28. அதே செட்டிங், அதே ஃபேன் வேகத்தில் அறை 40 ஆனால் சிப் 68. அதனால் தையில் பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங் சித்திரையில் உதவாது. ஆண்டுக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும்.

காமாவின் இயல்பான செட்டிங் 525 மெகாஹெர்ட்ஸ், 1150 மில்லிவோல்ட். கோடைக்கு 490, 1100 வையுங்கள். எதிர்பார்க்க வேண்டிய ஹாஷ்ரேட்டுக்கு ஒரு சுலப வாய்ப்பாடு உண்டு: மெகாஹெர்ட்ஸை 2.04-ஆல் பெருக்கினால் கிகாஹாஷ். பிஎம்1370-க்குள் 2,040 சின்னக் கோர்கள் இருப்பதால் வரும் எண் இது. 490-க்கு 1,000, 525-க்கு 1,071, 600-க்கு 1,224. மேலே போட்ட கணக்கெல்லாம் 490-க்கானது. ஒரு மணி நேரச் சராசரியை இதோடு ஒப்பிடுங்கள், நொடிக்கு நொடி குதிப்பதைப் பார்க்காதீர்கள். சராசரி 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை. வோல்டேஜை ஒரு படி ஏற்றலாம் அல்லது வேகத்தை ஒரு படி இறக்கலாம். கோடையில் இரண்டாவதைச் செய்யுங்கள்.

600, 625 என்று ஏற்றி ஓட்டுவதில் ஒரு போட்டி மனப்பான்மை இருக்கிறது. 490-லிருந்து 600-க்கு ஏற்றினால் 19,000 ஆண்டு 15,500 ஆண்டு ஆகிறது. அதற்காக ரெகுலேட்டரை வேகவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சிப் 65-க்குக் கீழே, வோல்டேஜ் ரெகுலேட்டர் 80-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. சிப் 75-ஐத் தொட்டாலோ ரெகுலேட்டர் 105-ஐத் தொட்டாலோ ஃபர்ம்வேர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும்: ஃபேனை முழு வேகத்தில் வைத்து, வேகத்தையும் வோல்டேஜையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். அதற்குப் பிறகு பெட்டி ஆன் ஆகித்தான் இருக்கும், திரை எரியும், ஆனால் ஹாஷ்ரேட் பேருக்கு மட்டும். பக்கத்தைத் திறந்து அதிக வெப்ப எச்சரிக்கையை நீக்கி, வேகமும் வோல்டேஜும் திரும்பக் கொடுத்தால்தான் பழைய நிலைக்கு வரும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வாரம் ஒரு தடவையாவது பூல் பக்கத்தைப் பாருங்கள். விளக்கு எரிகிறது என்று நம்பிவிட்டால் ஒரு மாதச் சீட்டு போய்விடும்.

ஃபேனைத் தானியங்கியில் வைத்து இலக்கை 60 டிகிரி என்று கொடுக்கலாம். கோடைப் பகலில் அது எப்படியும் 100 சதவீதத்தில் சுற்றும், 40 மில்லிமீட்டர் ஃபேன் கொசு காதருகே வந்தது போலக் கத்தும். படுக்கையறையில் வைக்க வேண்டாம். சத்தம் தாங்கவில்லையென்றால் 60 மில்லிமீட்டர் ஃபேனும் பெரிய ஹீட்சிங்க்கும் மாற்றலாம். ஃபேன் 5 வோல்ட் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றும்போது பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அரிசி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரே பக்கம் முழுக்க இறுக்கினால் சிப்பின் மூலை நொறுங்கும்.

எங்கே வைப்பது? டிவி ஷோகேஸுக்குள் வேண்டாம், பீரோ மேலும் வேண்டாம், சூடு மேலேதான் நிற்கும். சமையலறை பக்கத்தில் வைத்தால் தாளிப்புப் புகையின் எண்ணெய் ஹீட்சிங்க்கில் படிந்து அதன் மேல் தூசி ஒட்டும், பிரஷ்ஷுக்கு வராது. பூஜையறை சாம்பிராணியும் அதே வேலையைச் செய்யும். ஏர் கூலரின் நேர்க் காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஈரமும் உப்புத் தண்ணீரின் தூளும் வரும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் கூலர் பேடு வெள்ளையாவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வெள்ளைப் படிவு போர்டிலும் விழும். தரைத்தள வீட்டில், வடக்குப் பக்க அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இடுப்புயர மேசையில் வைப்பது நல்லது.

ஆடிக் காற்று தொடங்கினால் தூசி. மாதம் ஒருமுறை பெட்டியை அணைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதுகிற புளோயர் பயன்படுத்தினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் போகும். எறும்புதான் எதிர்பாராத எதிரி. கதகதப்பான இடம் தேடிச் சின்ன எறும்புகள் போர்டுக்கு அடியில் கூடும். பெட்டியை வைத்திருக்கும் பலகையைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் கோடு போதும். போர்டின் மேல் எதையும் அடிக்க வேண்டாம்.

ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது இரண்டு கோப்பு ஏற்ற வேண்டும், ஒன்று இணையப் பக்கத்துக்கு, மற்றொன்று பெட்டியின் நிரலுக்கு. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் வெறுமையாகத் திறக்கும். இப்படி வைஃபை வழியே ஏற்றினால் உங்கள் செட்டிங் அப்படியே இருக்கும். டைப்-சி கேபிள் வழியே முழு ஃபேக்டரி கோப்பை ஏற்றினால் எல்லாம் அழிந்து மறுபடி அந்தப் பழைய முகவரி வந்து உட்காரும். மேலும் காமாவுக்கு காமா கோப்பு, சூப்ராவுக்கு சூப்ரா கோப்பு. மாற்றி ஏற்றினால் சிப்பைக் கண்டுபிடிக்காது. எந்த வழியில் ஏற்றினாலும், முடித்ததும் இரண்டு முகவரியையும் ஒருமுறை பாருங்கள்.

பக்கத்தில் "பெஸ்ட் டிஃபிகல்டி" என்று ஒரு எண் இருக்கும், எல்லோரும் அதைப் படம் எடுத்துப் பகிர்வார்கள். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். டிஃபிகல்டி என்பது ஒரு விடை எவ்வளவு அரிது என்பதன் அளவு, பெஸ்ட் என்பது பெட்டி இதுவரை கண்டதிலேயே அரிய விடை. 1 டெராஹாஷ் பெட்டி ஒரு நாளில் சராசரியாக 2 கோடி டிஃபிகல்டியைத் தொடும் ஒரு விடையைக் கண்டுபிடிக்கும். ஒரு மாதத்தில் 60 கோடி. ஓர் ஆண்டில் 730 கோடி, திரையில் அது 7.3 ஜி என்று வரும். வலைப்பின்னலின் டிஃபிகல்டியோ 1 ஜெட்டாஹாஷில் 140 லட்சம் கோடி, அதாவது 140 டி. 7 ஜி வந்ததும் "நெருங்கிட்டோம்" என்று நினைப்பது, மதுரையிலிருந்து கிளம்பித் திருப்பரங்குன்றத்துக்குக்கூடப் போகாமல் காசி வந்துவிட்டது என்பது போல. அந்த எண் ஒன்றுக்கு மட்டும் உதவும்: ஒரு மாதம் ஓடியும் சில கோடியைத் தாண்டவில்லையென்றால் பெட்டி சொல்லும் ஹாஷ்ரேட் உண்மையா என்று சந்தேகிக்கலாம்.

பெட்டி தான் உழைப்பதைக் காட்ட அவ்வப்போது பூலுக்குச் சுலப விடைகளை அனுப்பும். அதில் மறுக்கப்பட்டவை 1 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். புதுப் பிளாக் வந்த நொடியில் பழைய வேலைக்கான விடை போய்ச் சேர்ந்தால் மறுப்பார்கள், அது இயல்பு. திடீரென்று 5, 10 சதவீதம் ஆனால் முதலில் வைஃபை சிக்னலைப் பாருங்கள், பிறகு வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

வரி. இந்தியாவில் மைனிங்குக்குத் தடை இல்லை. பிட்காயின் போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்தை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி, அதன் மேல் செஸ், தொகை பெரிதென்றால் சர்சார்ஜ். 2022 ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீதம் பிடித்தமும் உண்டு. மைனிங் கருவிக்கும் கட்டமைப்புக்கும் செய்த செலவைக் கொள்முதல் விலையாகக் கழிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. அதனால் அடாப்டர் பில்லையும் இபி ரசீதையும் காட்டித் தப்பிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

ஒருவேளை விழுந்தால்? பெட்டியின் திரையில் பெரிய கொண்டாட்டம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பூல் பக்கத்தில் உங்கள் முகவரிக்கு நேராகப் பிளாக் எண் வரும், வாலட்டில் தொகை தெரியும், ஆனால் அனுப்ப முடியாது. புதிதாகப் பிறந்த நாணயம் அதன் மேல் 100 பிளாக் ஏறிய பிறகுதான் செலவழிக்கக் கிடைக்கும், ஏறக்குறைய 17 மணி நேரம். முதல் ஒன்றிரண்டு பிளாக்குக்குள் வேறொருவர் கண்டுபிடித்த பிளாக் சங்கிலியில் நின்று உங்களுடையது கழிந்துபோகவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, எனவே உடனே யாருக்கும் போன் போடாதீர்கள். அந்த 17 மணி நேரத்தில் செய்ய வேண்டியது இரண்டு: சொற்கள் எழுதிய காகிதம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் நேரம் வாங்குவது. பெட்டியை அணைக்க வேண்டாம், அது ஏற்கெனவே அடுத்த பிளாக்கில் இருக்கும்.